அஞ்சு பலூன்ல ரெண்டு போனா மீதி அஞ்சா? படம் வச்சு கழித்தல் சொல்லிக் குடுக்கறது பத்தி

போன மாசம் அக்கா பையன் ஒரு ஒர்க்‌ஷீட்டைத் தூக்கிட்டு வந்தான், அஞ்சரை வயசு. மேல 5 − 2 னு போட்டு, கீழ ஒரு காலிக் கட்டம், படம் வரைஞ்சு விடை கண்டுபிடிக்கணும். ரொம்பப் பொறுமையா 5 பலூன் வரைஞ்சான், ஒவ்வொண்ணுக்கும் நூல் வேற போட்டான், அப்புறம் பக்கத்துல இன்னும் 2 பலூன் வரைஞ்சான், அந்த ரெண்டையும் கோடு போட்டு அடிச்சான், அடிக்காததை எண்ணி 5 னு எழுதிட்டான். "டேய், அஞ்சுல ரெண்டு போனா எப்படிடா அஞ்சு இருக்கும்?"னு கேட்டா "ரெண்டு எடுத்துட்டேனே சித்தி, இங்க பாரு"ன்னு அடிச்ச ரெண்டையும் காட்டறான்.

சிரிப்பு வந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா அவன் பக்கமும் நியாயம் இருக்கு. பேப்பர்ல 5 னு ஒரு நம்பர் இருந்துச்சு, வரைஞ்சான். 2 னு இன்னொரு நம்பர் இருந்துச்சு, அதையும் வரைஞ்சான். நடுவுல ஒரு கோடு, சரி அடிச்சுடலாம்னு அடிச்சான். அவனுக்குப் புரியாத ஒரே விஷயம், அந்த 2 வெளியிலேர்ந்து வரல, அந்த 5-க்குள்ளயே இருக்குங்கறதுதான்.

"சின்னக் குழந்தைக்குப் படம் போட்டுச் சொல்லிக் குடுங்க, கழித்தல் ஈசியா புரியும்"னு எல்லாரும் சொல்லிடறாங்க. படம் போட்டா மட்டும் புரியாது. படத்துல குழந்தை என்ன செய்யுதுங்கறதுலதான் இருக்கு விஷயம்.

## படம் அசையாது, கழித்தல் அசையும்

கூட்டல்ல படம் நல்லாவே வேலை செய்யும். இந்தப் பக்கம் 3 பூ, அந்தப் பக்கம் 2 பூ, சேத்து எண்ணினா 5. முதல்ல இருந்தது, சேந்தது, மொத்தம், எல்லாமே ஒரே நேரத்துல கண்ணு முன்னாடி இருக்கு.

கழித்தல்ல அப்படி இல்ல. மரத்துல 5 கிளி இருந்துச்சு, 2 பறந்து போச்சு. இதை ஒரே படமா வரைங்க பாப்போம். பறந்த ரெண்டையும் வரைஞ்சா அதுங்க இன்னும் போகல, வரையாம விட்டா வெறும் 3 கிளி உக்காந்திருக்கற படம். அதனாலதான் புஸ்தகத்துல ரெண்டு கிளி றெக்கையை விரிச்சுக்கிட்டு ஓரமா பறக்கற மாதிரி போடுவாங்க. நமக்கு அது "போயிடுச்சு". குழந்தைக்கு அது 5 கிளி, அதுல ரெண்டு பறக்குது, அவ்ளோதான். சில குழந்தைங்க அந்த ரெண்டும் இப்பதான் வந்து சேருதுன்னு சொல்லுவாங்க, அதையும் தப்புன்னு சொல்ல முடியாது, அசையாத படத்துல வர்ற கிளிக்கும் போற கிளிக்கும் என்ன வித்தியாசம் இருக்கு?

பாதி காலியான தண்ணி பாட்டிலைக் காட்டி "நான் எவ்ளோ குடிச்சேன்?"னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க. முதல்ல எவ்ளோ இருந்துச்சுன்னு திருப்பிக் கேப்பீங்க. கழித்தலும் அதே மாதிரிதான், அதுல மூணு கட்டம் இருக்கு: முதல்ல இருந்தது, போனது, மிச்சம். இதுல முதல் கட்டம் கடைசியில கண்ணுல இருக்காது, குழந்தை அதை மனசுக்குள்ள வச்சிருக்கணும். முதல்ல இருந்த மொத்தத்தை "முழுசு"ன்னு வச்சுக்கலாம், போனதும் மிச்சமும் அந்த முழுசோட ரெண்டு "பாகம்". முழுசுக்குள்ளதான் பாகம் இருக்குன்னு பிடிபட்டாலே கழித்தல் பாதி வந்த மாதிரி. நம்ம ஆளு பலூன்ல தடுக்கினது இங்கதான்.

சுருக்கமா: கூட்டல்ல எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும், கழித்தல்ல முழுசு கலைஞ்சு போயிடும், அசையாத படம் அந்தக் கலையறதைக் காட்டாது.

## அதுக்கு முன்னாடி, எண்ணத் தெரியுமா?

பத்து வரைக்கும் கடகடன்னு சொல்றது பாட்டுப் பாடற மாதிரி, அது எண்ணறது இல்ல. ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. 6 சட்டைப் பட்டனை மேசையில வச்சு எண்ணச் சொல்லுங்க. "ஒண்ணு, ரெண்டு... ஆறு"ன்னு முடிச்ச உடனே "சரி, எத்தனை பட்டன் இருக்கு?"ன்னு கேளுங்க. சில குழந்தைங்க "ஆறு"ன்னு சொல்லும். சிலது மறுபடி "ஒண்ணு, ரெண்டு"ன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ரெண்டாவது வகைக் குழந்தைக்கு, கடைசியா சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கைங்கறது இன்னும் வரலன்னு அர்த்தம். இதுக்குப் பேரு கார்டினாலிட்டி. 1978-ல ராகல் கெல்மன், ராண்டி காலிஸ்டல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எண்ணறதுக்குள்ள இருக்கற விதிகளைப் பிரிச்சு எழுதினாங்க, அதுல ஒண்ணு இது. இது வராம கழித்தலுக்குப் போனா ஒவ்வொரு தடவையும் அழுகையிலதான் முடியும்.

அதே பட்டனை நெருக்கி வச்சுட்டு, அப்புறம் பரப்பி வச்சு "இப்ப ஜாஸ்தியா?"ன்னு கேட்டா "ஆமா"ன்னு சொல்ற வயசும் ஒண்ணு இருக்கு, குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜேங்கற உளவியலாளர் சொன்ன பிரபலமான விஷயம். அந்த வயசுல எதையும் எடுக்காமலே எண்ணிக்கை மாறிடும், அப்புறம் எடுத்தா குறையும்னு எப்படிப் புரிய வைக்கறது. கொஞ்ச நாள் போகட்டும், பட்டனை வச்சு விளையாடட்டும்.

இன்னொண்ணு, 3, 4 வரைக்கும் பொருளை நாம எண்ணறதே இல்ல, பாத்த உடனே தெரிஞ்சுடும். தாயக்கட்டை உருட்டினா புள்ளியை யாரும் எண்ணிக்கிட்டு உக்கார மாட்டாங்க இல்லையா, அது மாதிரி. இதை சபிடைசிங்னு சொல்றாங்க. ஆரம்பக் கணக்கை 5-க்குள்ளயே வச்சுக்கச் சொல்றது இதனாலதான், மிச்சத்தை எண்ணாமலே பாக்க முடிஞ்சா குழந்தையோட கவனம் முழுக்க "என்ன நடந்துச்சு"ங்கறதுல இருக்கும்.

## கை, படம், குறி

1966-ல ஜெரோம் புரூனர்ங்கற உளவியலாளர் ஒரு விஷயத்தை நாம மூணு விதமா மனசுல வச்சுக்கறோம்னு எழுதினார்: கையால செஞ்சு, படமா பாத்து, குறியா எழுதி. 1980-கள்ல சிங்கப்பூர் தன்னோட பள்ளிக் கணக்கையே இந்த வரிசையில அமைச்சுக்கிச்சு, முதல்ல பொருள், அப்புறம் படம், அப்புறம் எண். இப்ப உலகம் முழுக்க இதைத்தான் பேசறாங்க.

பேசறதுல ஒரு தப்பு நடக்குது. கலர் கலரா படம் போட்ட ஒர்க்‌ஷீட்டைக் குடுத்துட்டு "செயல்வழிக் கற்றல்"னு பேர் வச்சுடறாங்க. குழந்தை அதுல செய்யறது என்ன, பாத்து எண்ணி ஒரு நம்பர் எழுதுது, கை வேலை பென்சில் பிடிக்கறதோட சரி. பொருளுக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு படி இருக்கு, அதைத் தாண்டிக் குதிச்சுடறாங்க. படத்தோட மேல பொருளை வைக்கற படி.

ஒரு தாள்ல பெருசா ஒரு பஸ் வரைங்க, அழகா வரணும்னு அவசியமே இல்ல, ஒரு நீளப் பெட்டி, கீழ ரெண்டு வட்டம். பட்டன்தான் ஆளுங்க. 5 பேர் ஏறினாங்க, குழந்தையே ஒவ்வொண்ணா வைக்கட்டும். "பஸ்ல எத்தனை பேர்?" அஞ்சு. "ஸ்டாப் வந்துச்சு, 2 பேர் இறங்கினாங்க." குழந்தை தன் கையால ரெண்டு பட்டனை பஸ்ஸை விட்டுத் தள்ளி பேப்பர் ஓரத்துல வைக்கும். இப்ப பாருங்க, இறங்கினவங்க மறைஞ்சு போகல, ரோட்டுல நிக்கறாங்க. முழுசும் கண்ணுல இருக்கு, ரெண்டு பாகமும் கண்ணுல இருக்கு, நடுவுல நடந்தது குழந்தையோட விரல்ல இருக்கு. வெறும் பட்டனை மேசையில வச்சு எடுத்தா இந்த "உள்ள, வெளிய" கிடைக்காது, அச்சடிச்ச படத்துல அசைவு கிடைக்காது.

மறுபடி ஏத்தி விடச் சொல்லுங்க, 5 வருதான்னு அவங்களே பாக்கட்டும். கூட்டலும் கழித்தலும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழ்ங்கறதைத் தனிப் பாடமா நடத்தத் தேவையில்ல.

## படத்து மேல கை வைக்கணும்

பட்டன் பழகின அப்புறம் வெறும் படத்துக்கு வரலாம், ஆனா அங்கயும் கை அசையணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மடிக்கறது. நீளமான ஒரு பேப்பர் துண்டுல வரிசையா 6 புள்ளி வைங்க, புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி இருக்கட்டும், ஒவ்வொரு இடைவெளியிலயும் முன்கூட்டியே ஒரு மடிப்பு போட்டு வச்சுடுங்க, இல்லன்னா குழந்தை புள்ளி மேலயே மடிச்சுட்டு அரைப் புள்ளின்னு நிக்கும் (நிஜமா நடந்துச்சு). 6 − 2 ன்னா கடைசி ரெண்டு புள்ளியைப் பின்னாடி மடிச்சுடு, 4 தெரியுது. பிரிச்சா மறுபடி 6. போன ரெண்டு எங்கயும் போகல, பின்னாடிதான் இருக்குன்னு தொட்டே பாக்கலாம். பலூன் பிரச்சினைக்கு என்கிட்ட இருக்கற நேரடி மருந்து இதுதான், ஏன்னா இதுல 2-ஐத் தனியா வரையவே வழி இல்ல.

அடுத்தது மறைக்கறது. 7 மீன் வரைஞ்சு குழந்தையை எண்ண வைங்க, அப்புறம் கண்ணை மூடச் சொல்லிட்டு 3 மீன் மேல உங்க உள்ளங்கையை வைங்க. "எத்தனை தெரியுது?" நாலு. "அப்ப என் கைக்குள்ள எத்தனை?" இந்த ரெண்டாவது கேள்விதான் சரக்கு. கண்ணுக்குத் தெரியாத பாகத்தை, தெரியற பாகத்தையும் ஞாபகத்துல இருக்கற முழுசையும் வச்சுக் கண்டுபிடிக்கணும். முதல்ல ஊகிக்கும், கையைத் தூக்கிப் பாக்கும், பத்து தடவை விளையாடினா ஊகம் கணக்கா மாறும். மறைச்சு வச்சு எண்ணிக்கையைத் தேடறது நாம புதுசா திணிக்கற வேலை இல்ல, 1992-ல கேரன் வின்ங்கற உளவியலாளர் 5 மாசக் குழந்தைங்களுக்கு ரெண்டு பொம்மையைக் காட்டி, திரை போட்டு மறைச்சு, ஒண்ணை மட்டும் வெளிய எடுத்துட்டு, திரையை விலக்கினாங்க. உள்ள ஒண்ணு இருந்தா குழந்தை சாதாரணமா பாத்துச்சு, ரெண்டு இருந்தா ரொம்ப நேரம் பாத்துச்சு. அந்தப் பாப்பா கழித்தல் கணக்கு போட்டுச்சான்னு இன்னும் சண்டை நடக்குது, ஏதோ சரியில்லன்னு அதுக்குத் தோணுச்சுங்கறது வரைக்கும் போதும் எனக்கு.

கடைசியாத்தான் கோடு போட்டு அடிக்கறது. இங்க ரெண்டு சின்ன விஷயம். ரப்பரால அழிக்க விடாதீங்க, அழிச்சா முழுசு காணாமப் போயிடும், அடிச்சா இருந்ததுக்கு அடையாளம் இருக்கும். இன்னொண்ணு, வலது ஓரத்துலேர்ந்து வரிசையா அடிக்கப் பழக்குங்க, நடுநடுவுல அடிச்சா மிச்சம் சிதறிப் போய் எண்ணும்போது ஒண்ணு விட்டுப் போகும், அப்புறம் கழித்தல் தப்பா எண்ணினது தப்பான்னு நமக்கே தெரியாது.

சுருக்கமா: பட்டன் வச்ச படம், மடிக்கற படம், மறைக்கற படம், கடைசியா அடிக்கற படம். நாலுலயும் குழந்தை ஏதாவது செய்யணும், செஞ்சதைத் திருப்பிப் போட்டுப் பாக்கவும் முடியணும்.

## எடுக்கறது மட்டும் கழித்தல் இல்ல

பெரியவங்களே ரொம்ப தடுமாறற இடம் இது. கழித்தல்னா "எடுத்துடறது"ன்னு ஒரே ஒரு அர்த்தம் சொல்லிக் குடுத்துட்டு, திடீர்னு ஒரு நாள் "உன்கிட்ட 7 கலர் பென்சில், தம்பிகிட்ட 4, உன்கிட்ட எத்தனை அதிகம்?"னு கேப்போம். யாரும் எதையும் எடுக்கல, எதுவும் போகல, குழந்தை முழிக்கும். "அதிகம்"னு காதுல விழுந்ததால 11 னு சொல்லும். இது ஒப்பிடற கழித்தல், வேற படம் வேணும்.

இதுக்கு ரெண்டு வரிசை. மேல 7 பென்சில், அதுக்கு நேர் கீழ 4 பென்சில், முதல் பென்சிலும் முதல் பென்சிலும் ஒரே நேர்ல. ஜோடி ஜோடியா கோடு போட்டு இணைக்கணும், ஜோடி கிடைக்காம நிக்கறதுதான் விடை. ஒரு பொருளுக்கு ஒரு பொருள்னு சேக்கறதை ஒன்றுக்கொன்று பொருத்தம்னு சொல்லுவாங்க.

கேள்வியை எப்படிக் கேக்கறோம்ங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு 1983-ல ஹட்சன்ங்கற ஆராய்ச்சியாளர் காட்டினார். ஒரு படத்துல சில பறவை, அதை விடக் கம்மியா புழு. "புழுவை விடப் பறவை எத்தனை அதிகம்?"னு கேட்டப்போ கிண்டர்கார்டன் குழந்தைங்கள்ல கால்வாசிப் பேர்தான் சரியாச் சொன்னாங்க. அதே மாதிரிப் படத்தையே காட்டி, "ஆளுக்கு ஒரு புழுவைப் பிடிக்கப் பறவை எல்லாம் ஓடுது, எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?"ன்னு கேட்டப்போ கிட்டத்தட்ட எல்லாருமே சொல்லிட்டாங்க. குழந்தைக்கு ஒப்பிடத் தெரியும், "எத்தனை அதிகம்"ங்கற நம்ம பாஷைதான் புரியல.

மூணாவது ஒண்ணு இருக்கு, "இன்னும் எத்தனை வேணும்". ஆல்பத்துல 12 ஸ்டிக்கர் ஒட்டணும், 9 ஒட்டியாச்சு, இன்னும் எத்தனை? இதுவும் 12 − 9 தான். 12 வரைஞ்சு அதுல 9-ஐ அடிச்சுக்கிட்டே போறது தண்டனை, 9-லேர்ந்து பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு மூணு விரல் விட்டா முடிஞ்சுது. கதை எதுவோ அதுக்கேத்த படம், எல்லாத்துக்கும் கோடு போட்டு அடிக்கறது பொருந்தாது.

## நாம வாயால கேக்கறது

"ரெண்டை அஞ்சுலேர்ந்து கழி"ன்னு சொன்னா குழந்தை காதுல முதல்ல 2 விழுது, அப்புறம் 5. பேப்பர்ல முதல்ல 5, அப்புறம் 2. "அஞ்சுல ரெண்டு போனா"ன்னு சொன்னா காதுல விழற வரிசையும் பேப்பர் வரிசையும் ஒண்ணாயிடும், முழுசு முதல்ல வந்துடும், "அஞ்சுல"ங்கறதுல இருக்கற அந்த "-ல"வே ரெண்டு உள்ளதான் இருக்குன்னு சொல்லிடுது. ஆரம்பத்துல நான் இப்படி மட்டும்தான் கேக்கறேன்.

(ஒரு சைடு விஷயம். தொண்ணூறுங்கற வார்த்தைக்குள்ள நூறு இருக்கு, ஒன்பதுக்குள்ள பத்தோட "பது" இருக்கு. 9-ஐ எப்பவும் பத்துக்குப் பக்கத்துல வச்சுக் காட்டறப்போ இது ஞாபகம் வரும்.)

## பத்தைத் தாண்டினா

மேல 5, கீழ 5 னு பத்துக் கட்டம் போட்டுக்கங்க, கட்டத்துக்கு ஒரு பட்டன். 8 வச்சா 2 காலின்னு பாத்த உடனே தெரியும். 13 − 5 ன்னா ஒரு கட்டம் நிறைய 10, இன்னொண்ணுல 3. முதல்ல அந்த 3-ஐ எடு, பத்து இருக்கு, இன்னும் 2 எடுக்கணும், மேசையில 8. கடன் வாங்கறதெல்லாம் எழுத்துல வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பத்தை உடைக்கறது கைக்கு வந்துடும்.

எண் பாதையில, அதாவது 1 முதல் 10 வரைக்கும் கட்டம் கட்டமா எழுதின பட்டையில, ஒரு பொறி இருக்கு. 7 − 2 ன்னா குழந்தை 7 மேல விரல் வச்சு "ஒண்ணு"ன்னும் 6 மேல "ரெண்டு"ன்னும் சொல்லி விடை 6 னு சொல்லும். நிக்கற இடத்தை எண்ணக் கூடாது, தாண்டறதைத்தான் எண்ணணும். விரலுக்குப் பதிலா ஒரு சின்ன பொம்மையைக் குடுத்து "டொக்"னு குதிக்க வச்சா, டொக்கை எண்ணுவாங்க, சரியா 5-ல வந்து நிக்கும்.

ஒண்ணை மட்டும் தயவு செஞ்சு சொல்லிக் குடுக்காதீங்க: "எப்பவும் பெரிய நம்பர்லேர்ந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்". இப்போதைக்கு சவுகரியமா இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 42 − 17 வரும், 2-லேர்ந்து 7 போகாது, 7 தானே பெருசுன்னு திருப்பிப் போட்டு 7-ல 2 போனா 5, 4-ல 1 போனா 3, விடை 35 னு எழுதும். சரியான விடை 25. நாம சொன்ன விதியைத்தான் குழந்தை ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கும்.

## மைனஸ் குறி எப்போ?

அவசரமே இல்ல. + , − ரெண்டு குறியும் அச்சுல முதல்ல வந்தது 1489-ல, ஜெர்மனியில யோகானஸ் விட்மன் போட்ட புஸ்தகத்துல. அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே மனுஷங்க கழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. குழந்தை பஸ் கதையைத் தானே வாயால சொல்லி, தானே படம் போட ஆரம்பிச்ச அப்புறம், அந்தப் படத்துக்குக் கீழ 5 − 2 = 3 னு எழுதிக் காட்டி, "இந்த 5 எங்க இருக்கு? இந்த 2 எங்க?"ன்னு தொட்டுக் காட்டச் சொல்லுங்க. 2-க்கு பஸ்ஸுக்கு வெளிய நிக்கறவங்களைத் தொட்டா தயார். வேற எங்கயாவது தொட்டா இன்னும் கொஞ்ச நாள் பட்டன்.

எங்க ஆளு மூணு வாரம் பேப்பரை மடிச்சுக்கிட்டிருந்தான். போன ஞாயித்துக்கிழமை மறுபடி பலூன். 5 வரைஞ்சான், அதுக்குள்ளயே ரெண்டை அடிச்சான், 3 னு எழுதினான், என்னைப் பாக்கக்கூட இல்ல. சரி, கொஞ்சம் சீண்டலாம்னு 6 − 6 குடுத்தேன். 6 பலூன் வரைஞ்சு, நூல் போட்டு, ஆறையும் வலது பக்கத்துலேர்ந்து ஒண்ணு விடாம அடிச்சுட்டு, பேப்பரையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தான். "சித்தி, பலூன் இல்ல. நூல் மட்டும் இருக்கு. நூலை எண்ணணுமா?"